மில்லிகிராம் கணக்கில் மருந்து கொடுத்து 'என்னை' அணைக்க முடியுமென்றால், பொருள்முதல்வாதத்துக்கு இன்னும் என்ன குறை?

கேள்வி: வைகைக்கரை

நண்பர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் எனக்குப் பித்தப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. மேசையில் படுக்க வைத்து, கையில் பொருத்தியிருந்த ஊசி வழியே பால் போன்ற மருந்து ஒன்றைச் செலுத்தினார்கள். முழங்கை வரை சற்று எரிந்தது. 100இலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். 93 வரை எண்ணியது நினைவிருக்கிறது. அடுத்ததாக நான் அறிந்தது, வேறோர் அறையில் யாரோ என் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்ததைத்தான். சுவர்க் கடிகாரத்தின்படி இரண்டே கால் மணி நேரம் போயிருந்தது. தூங்கி எழுந்தால், இவ்வளவு நேரம் தூங்கினோம் என்ற மங்கலான கணக்காவது உடம்பில் இருக்கும். இங்கே அதுவும் இல்லை. 93க்கும் என் பெயருக்கும் இடையில் எதுவும் இல்லை என்று சொல்வதற்குக்கூட 'இடை' என்ற ஒன்று வேண்டுமே, அதுவே இல்லை.

கல்லூரி நாட்களின் வாசிப்பு வட்டத்திலிருந்தே நான் பொருள்முதல்வாதி. பொருளே முதல், உணர்வு அதன் விளைவு என்று அன்று வாதாடியதை, அந்த மேசையில் என் உடம்பிலேயே நிரூபித்துக் காட்டிவிட்டார்கள் என்றே எண்ணினேன். ஆனால் தத்துவம் படிக்கும் என் மகள் சிரிக்கிறாள். இதைப் பற்றி ஒரு நரம்பியல் அறிஞரும் ஒரு தத்துவ அறிஞரும் 1998இல் பந்தயம் கட்டியதாகவும், 2023இல் நரம்பியலார் தோற்று ஒயின் வாங்கிக் கொடுத்ததாகவும் சொல்கிறாள். ஒரு மருந்தால் அணைக்கவும் அதை நிறுத்தினால் மீட்கவும் முடிகிற ஒன்று, பொருளின் செயல்பாடு அல்லாமல் வேறு என்னவாக இருக்க முடியும்? பிரக்ஞை, நனவு, உணர்வு என்று ஆளுக்கொரு சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். நான் நனவு என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 1: பின்னிரவுப் பணி

நான் மயக்கவியல் மருத்துவர்; பதினெட்டு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்து வருகிறேன். தத்துவத்தை மற்றவர்கள் பேசட்டும். 'நிரூபித்துக் காட்டிவிட்டார்கள்' என்ற உங்கள் வரி எங்கள் துறைக்குச் சற்று அதிகமான புகழ்ச்சி என்பதை மட்டும் சொல்ல வந்தேன்.

உங்களுக்குச் செலுத்தியது பெரும்பாலும் புரொபோஃபால் என்ற மருந்தாக இருக்கும். அந்த வெண்மை, மருந்தைத் தாங்கியிருக்கும் சோயா எண்ணெய்க் குழம்பின் நிறம். மூளையின் நரம்பணுக்களில் காபா-ஏ என்ற ஏற்பிகள் இருக்கின்றன. அணுக்கள் ஒன்றையொன்று அடக்கி வைக்கும் வேலை அவற்றின் வழியே நடக்கிறது. புரொபோஃபால் அந்த அடக்கத்தைப் பெருக்குகிறது. இது வரை நீங்கள் எதிர்பார்க்கும் கதையேதான். ஆனால் கெட்டமின் என்ற மற்றொரு மயக்க மருந்து அந்த வழியில் போவதில்லை. அது முதன்மையாக என்எம்டிஏ என்ற வேறு வகை ஏற்பிகளை அடைக்கிறது. கெட்டமின் கொடுத்தவரின் கண் திறந்தே இருக்கும், விழி மெல்ல அசையும், கத்தி பட்டாலும் அசையமாட்டார். விழித்த பிறகு கூரைக்கு மேலே மிதந்ததாகச் சொல்வார். அவருடைய நனவு அணைந்ததா, அறையை விட்டு வெளியே போய் உலாவியதா? செனான் இன்னும் விந்தையானது. எதனோடும் எளிதில் சேராத மந்த வாயு அது. 1951இல் அதைக் கொண்டே மனிதர்களுக்கு மயக்கம் கொடுத்துப் பார்த்தார்கள், வேலை செய்தது. ஈதர் கொடுத்து முதன்முதலாகப் பலரறிய அறுவை செய்து காட்டிய பாஸ்டன் நிகழ்ச்சி 1846 அக்டோபர் 16இல் நடந்தது. அன்று முதல் எவ்வளவு கொடுத்தால் அணையும் என்பதை நாங்கள் மிக நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டோம். இவ்வளவு வேறுபட்ட பொருள்களும் சென்று தொடுகிற பொதுவான இடம் எது என்பது குறித்து எங்கள் மாநாடுகளில் இன்னும் சண்டை நடக்கிறது.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. வெளியே காத்திருக்கும் உறவினர்கள் எங்களிடம் "நினைவு திரும்பிவிட்டதா?" என்று கேட்பார்கள். நம் பேச்சில் நினைவு என்பது ஞாபகத்தையும் குறிக்கும், விழிப்பையும் குறிக்கும். அறுவை அறையில் அவை இரண்டும் தனித்தனி. மிடசோலம் என்ற தணிப்பு மருந்து கொடுத்த நோயாளி நம்மோடு பேசுவார், கேட்டதற்குப் பதில் சொல்வார், தானாகவே நகர்ந்து மேசையில் படுப்பார். மறுநாள் கேட்டால், அறைக்குள் வந்ததே தெரியாது என்பார். ஆகவே நினைவில் இல்லை என்பதை வைத்து நனவு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. தசைகளைத் தளர்த்தும் மருந்தைச் செலுத்துவதற்கு முன்பு, ஒரு கையில் இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி இறுக்கிவிடுவோம். அந்தக் கைக்கு மருந்து போய்ச் சேராது, விரல்கள் அசையும் நிலையிலேயே இருக்கும். பிறகு காதருகே குனிந்து, கேட்கிறதென்றால் என் விரலை அழுத்துங்கள் என்று சொல்ல வேண்டும். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்கான குழாய் செருகிய பிறகு இப்படிக் கேட்கப்பட்ட 260 பேரில் 12 பேர் விரலை அழுத்தினார்கள். பயப்பட வேண்டாம், இப்படி அழுத்துகிறவர்கள் பொதுவாகப் பின்னர் எதையும் நினைவுகூர்வதில்லை. ஆனால் அதுதானே நான் சொல்ல வந்ததும்.

மறுமொழி 2: நூலகத்து எலி

முதலில் பந்தயத்தைப் பற்றி. உங்கள் மகள் சொன்ன தகவல் சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவு சரியன்று. ஜெர்மனியின் பிரேமன் நகரில் 1998இல் கிறிஸ்டாஃப் காக் என்ற நரம்பியலார் பந்தயம் கட்டியது, நனவுக்கு இணையான மூளைச் செயல்பாடு எது என்பது இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் தெளிவாகக் கண்டுபிடிக்கப்பட்டுவிடும் என்பதற்காகத்தான். எதிர்த்தரப்பில் நின்ற தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ், அப்படி ஒரு செயல்பாடே இல்லை என்று வாதாடவில்லை. அவ்வளவு விரைவில் தெளிவு பிறக்காது என்றுதான் சொன்னார். 2023 ஜூன் மாதம் நியூயார்க்கில் காக் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பெட்டியை மேடையில் கொடுத்தார். பொருள்முதல்வாதம் தோற்றதற்குக் கொடுத்த தண்டம் அன்று அது. நரம்பியல் எண்ணியதைவிட மெதுவாக நகர்கிறது என்பதற்குக் கொடுத்தது.

எவ்வளவு மெதுவாக என்றால், இரு பெருங்கொள்கைகளின் ஆதரவாளர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட சோதனைகளை 256 பேரிடம் செய்து பார்த்து 2025இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். தகவல் மூளை முழுதும் ஒலிபரப்பாவதே நனவு என்பது ஒரு கொள்கை. ஒன்றாகப் பின்னிய தகவலே நனவு, அதன் இருப்பிடம் பெருமூளையின் பின்பகுதி என்பது மற்றொன்று. முதல் கொள்கை எதிர்பார்த்தவற்றில் முக்கியமான ஓர் அடையாளம் கிடைக்கவில்லை, இரண்டாவது எதிர்பார்த்தவற்றிலும் முக்கியமான ஒன்று கிடைக்கவில்லை. மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றில் 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன. ஆனாலும் சிறுமூளை சிதைந்தவருக்கு நடை தள்ளாடுமே தவிர நனவு போவதில்லை. எண்ணிக்கையிலோ வேலைப் பளுவிலோ குறையாத அந்தப் பகுதி இருட்டாகவும், அதைவிடக் குறைந்த அணுக்களுள்ள பெருமூளைப் புறணி வெளிச்சமாகவும் இருப்பது ஏன் என்பதற்கே இன்னும் ஒருமித்த விடை இல்லை.

ஆனால் இவையெல்லாம் நாளைக்கே தீர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் சால்மர்ஸ் 1995ஆம் ஆண்டுக் கட்டுரையில் கடினச் சிக்கல் என்று பெயரிட்டது மிஞ்சும். நீர் 100 பாகையில் கொதிப்பது ஏன் என்று மூலக்கூறுகளைக் கொண்டு விளக்கிய பிறகு, 'எல்லாம் சரி, ஆனால் அது ஏன் கொதிக்கிறது?' என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால், விளக்கம் புரியவில்லை என்று பொருள். உங்கள் முழங்கையில் எரிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நரம்பு தூண்டப்பட்டது, அது தண்டுவடத்தில் எங்கே போய்ச் சேர்ந்தது, மூளையின் எந்தப் பகுதி விழித்தது, வாய் ஏன் 'ஸ்ஸ்' என்றது ஆகிய அனைத்தையும் ஒரு குறையுமில்லாமல் எழுதி முடித்த பிறகும், இவ்வளவும் நடக்கையில் அது எரிவதாக ஏன் இருந்தது, எதுவுமாக இல்லாமலே இவ்வளவும் நடந்திருக்கக் கூடாதா என்று கேட்பவனை, விளக்கம் புரியாதவன் என்று தள்ளிவிட முடியவில்லை.

உங்கள் அனுபவம் காட்டுவது சார்பை. அச்சாணியைப் பிடுங்கினால் தேர் நின்றுவிடும். அதனால் அச்சாணியே தேரை இழுத்தது என்று ஆகிவிடாது. மூளை இல்லாமல் நனவு உண்டு என்று சால்மர்ஸ் போன்றோர் சொல்லவில்லை. மூளையைப் பற்றிய முழு விவரத்திலிருந்து நனவை வருவித்துக் காட்ட முடியுமா என்பதே அவர்களுடைய கேள்வி.

மறுமொழி 3: ஐயப்பாடு

தேர் உவமையில் வடம் பிடிக்க வெளியே ஓர் ஊரையே நிறுத்தி வைத்துவிட்டு, அச்சாணி இழுக்கவில்லை என்கிறீர்கள். மூளைக்கு வெளியே வடம் பிடிப்பவர் யார் என்று சொல்லாத வரையில் உவமை உதவாது.

1828 வரை, உயிருள்ள உடம்பில் உண்டாகும் பொருளை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க முடியாது, அதற்கு உயிராற்றல் என்று தனியே ஒன்று வேண்டும் என்று பலர் சொல்லி வந்தார்கள். அந்த ஆண்டு வோலர் என்ற ஜெர்மன் வேதியியலார், சிறுநீரில் உள்ள யூரியாவைச் சிறுநீரகம் இல்லாமலே தயாரித்துவிட்டார். உயிராற்றல் கொள்கை அன்றைக்கே செத்துவிடவில்லை. அதைக் கேட்க ஆள் குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் யாருமே கேட்கவில்லை, அவ்வளவுதான். கடினச் சிக்கலும் அப்படி மெலியும் என்று நான் நினைக்கிறேன். சால்மர்ஸே 2018இல் எழுதியதைப் பாருங்கள்: நனவு ஒரு புதிர் என்று நாம் ஏன் சொல்கிறோம் என்பதையும் விளக்க வேண்டும் என்கிறார். சொல்வது வாயின் வேலை, வாயை ஆட்டுவது மூளை. 'இது வெறும் பொருளாக இருக்க முடியாது' என்று உங்கள் மூளை ஏன் சொல்கிறது என்பதைப் பொருளைக் கொண்டே விளக்கிவிட்டால், அதற்கு மேல் ஒன்று மிச்சம் இருக்கிறது என்பதற்கு அந்த மூளை சொல்லும் சாட்சியத்தின் மதிப்பு என்ன? தத்துவ அறிஞர் டேனியல் டென்னெட் 2024இல் மறையும் வரை சுற்றிச் சுற்றி இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுமொழி 4: சாடியில் காது

நான் தத்துவம் படித்தவன் அல்லன். அரிஷ்டம், ஆசவம் என்ற நொதிக்க வைக்கும் நாட்டு மருந்துகளைப் போடும் குடும்பத்தில் பிறந்தவன். மணிமேகலையை மூன்று முறை வாசித்தவன். இந்த இழைக்கு எனக்குள்ள தகுதி அவ்வளவுதான்.

நீங்கள் 1995, 1998 என்று பேசுகிற வழக்கு நம் மொழியில் மிகப் பழையது. வஞ்சி நகரில் மாதவர் வேடத்தில் செல்லும் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கும் 27ஆம் காதையில், நிலம், நீர் முதலிய பூதங்களே எல்லாம் என்னும் பூதவாதி தன் கொள்கையை இப்படித் தொடங்குகிறான்: "தாதகிப் பூவும் கட்டியும் இட்டு மற்றும் கூட்ட மதுக்களி பிறந்தாங்கு உற்றிடும் பூதத்து உணர்வு தோன்றிடும்". பூவில் களி, அதாவது போதை, இல்லை, வெல்லக்கட்டியில் களி இல்லை. சேர்த்து வைத்தால் களி பிறக்கிறது. பூதங்கள் கூடினால் உணர்வு பிறப்பதும் அப்படித்தான். பூதங்கள் பிரிந்தால், பறையின் ஓசை அடங்குவதுபோல் அதுவும் அடங்கிவிடும். வைகைக்கரை ஐயா மேசையில் படுத்துக்கொண்டு எண்ணியது இதையேதான்.

தாதகிப் பூவை எங்கள் வீட்டில் இன்றும் வாங்குகிறோம். கஷாயம் ஆறிய பிறகு வெல்லத்தைக் கரைத்து, காய்ந்த தாதகிப் பூவைத் தூவி, சாடியின் வாயைத் துணியால் கட்டி, மேலே மண் பூசி வைத்துவிடுவார் தாத்தா. சில நாள் கழித்துச் சாடியின் மேல் காதை வைத்தால், உள்ளே யாரோ மெல்லக் கிசுகிசுப்பதுபோல் கேட்கும். எனக்கு ஐந்து வயதில் அது ஒரு பிராணி என்றே நினைப்பு. ஒரு மாதமானதும் மண்ணை உடைத்து, கொளுத்திய தீக்குச்சியைச் சாடிக்குள் நீட்டுவார். குச்சி அணைந்தால் இன்னும் நொதித்துக்கொண்டிருக்கிறது என்று திரும்பவும் கட்டிவிடுவார். அணையாமல் எரிந்தால் வடிகட்ட வேண்டியதுதான்.

பூதவாதியின் உவமையில் பாதியை அறிவியல் முழுமையாக நிறைவேற்றிவிட்டது. பூவில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. கிசுகிசுப்பு அந்த வாயு, குச்சியை அணைப்பதும் அதுவே. சர்க்கரையின் கட்டமைப்பு தெரிந்தவர் தாளில் எழுதியே சாராயத்தை வருவித்துவிடலாம். நூலகத்து எலி கேட்கும் இடைவெளி சாடிக்குள் எங்கும் இல்லை. ஆனால் களி? அது சாடிக்குள் இல்லை. மது ஒருபோதும் மயங்குவதில்லை, குடித்தவன்தான் மயங்குகிறான். களி என்பது ஏற்கெனவே ஒருவனுக்கு உண்டாகும் உணர்வு. உணர்வை விளக்க வந்த பூதவாதி, உவமையின் உள்ளேயே உணர்வுள்ள ஒரு குடிகாரனை ஒளித்து வைத்துக்கொண்டுதான் பேசுகிறான். களி என்பதற்கு வெறியூட்டும் ஆற்றல் என்று பொருள் கொண்டு அவனைக் காப்பாற்றலாம். ஆனால் யாருக்கு வெறியூட்டும் ஆற்றல் என்று கேட்டால், அதே குடிகாரன் மறுபடியும் எட்டிப் பார்ப்பான்.

இதைவிட எனக்கு வியப்பானது, அவனே சில அடிகள் கழித்து, உயிரோடு கூடிய உணர்வுடைய பூதம், உயிரற்ற உணர்வில்லாத பூதம் என்று இரண்டு வகை சொல்வதுதான். ஒவ்வொன்றும் அதனதன் வழியில் பிறக்குமாம். உணர்வில்லாததிலிருந்து உணர்வு வந்தது என்று சொல்லத் துணியாமல், பூதத்துக்குள்ளேயே உணர்வுக்கு ஓர் இடம் ஒதுக்கிக்கொண்டான் என்றே நான் வாசிக்கிறேன். உரைகாரர்கள் வேறு விதமாகவும் கொள்ளலாம்.

மணிமேகலை அவனுக்குச் சொல்லும் மறுப்பு உணர்வைப் பற்றியதே அன்று. கண்கூடு தவிர வேறு அளவை (அறியும் வழி) இல்லை என்கிறாயே, உன் தந்தையும் தாயும் இவர்கள் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். மருத்துவர் நோயாளியின் விரல் அழுத்துமா என்று காத்திருப்பதும் அனுமானமே. காபா ஏற்பியும் அனுமானமே. தீக்குச்சியும் அப்படித்தான். ஒருவனுக்குத் தன் நனவு ஒன்றுதான் கண்கூடு. பொருளைப் பற்றி நாம் அறிந்த அனைத்தும் அதன் வழியே நுழைந்தவை.

மறுமொழி 5: நூலகத்து எலி

குடிகாரனை ஒளித்து வைத்த வாதத்தை என் வகுப்பில் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வேண்டும்.

உணர்வுடைய பூதம் என்பதற்கு நெருங்கிய உறவு இன்றும் உண்டு. இயற்பியல், பொருள் என்ன செய்கிறது என்பதைச் சமன்பாடுகளில் சொல்கிறது. தன்னளவில் அது என்ன என்பதைச் சொல்வதில்லை என்று தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸல் 1927இல் வாதாடினார். அந்தச் சொல்லப்படாத உள்ளீட்டில் உணர்வின் வித்து இருக்கலாம் என்று இன்று காலன் ஸ்ட்ராசன் போன்ற தத்துவ அறிஞர்கள் சொல்கிறார்கள். ஸ்ட்ராசன் தன்னையே உண்மையான பொருள்முதல்வாதி என்றும் அழைத்துக்கொள்கிறார். இதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. கோடிக்கணக்கான துளி உணர்வுகள் எப்படிச் சேர்ந்து வைகைக்கரை என்ற ஒரே ஒருவராக ஆகின்றன? ஒரு கூட்டத்தில் ஆளுக்கொரு சொல்லை நினைத்துக்கொண்டால், முழு வாக்கியத்தை நினைத்தவர் யாரும் இல்லையே என்று அமெரிக்க உளவியலார் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே கேட்டுவிட்டார்.

ஐயப்பாடு அவர்களுக்கு: யூரியாவைப் பொறுத்தவரை விளக்க வேண்டியது அதன் கட்டமைப்பும் செயலும் மட்டுமே. அதனால்தான் தயாரித்துக் காட்டியதும் வழக்கு தளர்ந்தது. வலிப்பதாகத் தோன்றுவது மாயை என்றால், அந்தத் தோற்றமே வலித்துத் தொலைக்கிறது. இங்கே தோற்றத்தைத்தான் விளக்கச் சொல்கிறோம்.

மறுமொழி 6: ஐயப்பாடு

'தோற்றமே வலித்துத் தொலைக்கிறது' என்று எழுதியதும் உங்கள் மூளைதானே? அந்த வாக்கியம் உங்கள் விரலுக்கு வந்து சேர்ந்த வழியில் எந்த இடத்தில் பொருளல்லாத ஒன்று தலையிட்டது என்று காட்டுங்கள். எங்கும் தலையிடவில்லை என்றால், அது இல்லாமலே அதே வாக்கியத்தை அப்படியே எழுதியிருப்பீர்கள். இதற்கு நேரான விடை கிடைக்கும்வரை நான் இருக்கும் இடத்திலேயே இருக்கிறேன். குடிகாரன் வாதம் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஓர் உவமையின் குறை, கொள்கையின் குறை அன்று.

மறுமொழி 7: வைகைக்கரை

அனைவருக்கும் நன்றி. நான் இன்னமும் பொருள்முதல்வாதிதான். ஆனால் 'நிரூபித்துக் காட்டிவிட்டார்கள்' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். மகள் இந்த இழையைப் படித்துவிட்டு, பந்தயத்தைப் பற்றித் தான் பாதிதான் சொன்னதாக ஒப்புக்கொண்டாள்.

மருத்துவரிடம் ஒரு கேள்வி மட்டும். நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அந்த இரண்டே கால் மணி நேரம் எனக்கு முன்போல் வெறுமையாகத் தெரியவில்லை. அப்போது நான் இல்லையா, அல்லது இருந்தேன், பிறகு மறந்துவிட்டேனா? என் விஷயத்தில் இதைக் கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா?

மறுமொழி 8: பின்னிரவுப் பணி

ஐயா, நெற்றியில் ஒட்டும் மின்வாய்ப் பட்டையைப் பொருத்தியிருந்தால், மூளை அலைகளிலிருந்து கணக்கிட்ட ஓர் எண் உங்கள் மயக்கப் பதிவேட்டில் இருக்கக்கூடும். 0 முதல் 100 வரையில் 40க்கும் 60க்கும் இடையே இருந்தால் போதிய ஆழம் என்று கொள்வோம். மருத்துவமனையில் கேட்டால் நகல் தருவார்கள். ஆனால் விரல் அழுத்திய சிலரின் எண்ணும் அந்த எல்லைக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஆகவே அந்த எண்ணால் உங்கள் கேள்வி தீராது. உங்கள் கையில் பட்டை கட்டி யாரும் காதருகே குனிந்து கேட்டிருக்கமாட்டார்கள். அன்றாட அறுவைகளில் நாங்கள் அதைச் செய்வதில்லை.